கறும்புகையும் இழுவைக் குறைவும்



தோட்டப்புறத்தில் டர்போ டீசல் காரும் பிக்கப் வண்டியும் நமக்குப் புதியவை அல்ல. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும், நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் அவை உதவுகின்றன. பெரும்பாலும் பழைய வண்டியாகத்தான் வாங்குகிறோம். நேற்று வரை மேட்டில் நன்றாக ஏறிய வண்டி இன்று திணறுகிறது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் பிடிப்பதில்லை. பின்னால் கறும்புகை எழும்புகிறது. "டர்போ போய்விட்டது" என்று ஒருவர் சொல்லிவிட்டால், ஆயிரக்கணக்கான வெள்ளி செலவாகும். ஆனால் கோளாறு உண்மையிலேயே டர்போவில்தானா? இதைக் கண்டறியும் முறையை இன்று பார்ப்போம்.

முதலில் புகையின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசலோ, எஞ்சினுக்குள் புகுந்த நீரோ ஆவியாகி வெளிவருகிறது. கறும்புகை என்றால் டீசல் இருக்கிறது. அதை முழுமையாக எரிக்கப் போதிய காற்று இல்லை.

நம் வீட்டு விறகடுப்பை நினைத்துப் பாருங்கள். விறகை நெருக்கித் திணித்தால் அடுப்பு புகைகிறது. ஊதுகுழலால் ஊதினால் புகை நின்று நெருப்பு பற்றுகிறது. டீசல் எஞ்சினும் இப்படித்தான். ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் அதற்கும் கூடுதலாகவே தேவைப்படுகிறது. அந்தக் காற்றை ஊதும் ஊதுகுழலே டர்போ. வெளியேறும் புகையின் வேகம் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் அது சுழலும். சுவிட்சர்லாந்து பொறியியலாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

ஆகவே கறும்புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால், நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "காற்று எங்கே தடைபடுகிறது, அல்லது எங்கே கசிகிறது?" என்பதே. செலவு குறைந்த இடத்திலிருந்து தொடங்குவோம்.

முதலாவது, ஏர் பில்டர் என்னும் காற்று வடிகட்டி. செம்மண் சாலையில் ஓடும் வண்டியில் இது விரைவில் அடைத்துக்கொள்ளும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் மாற்றிவிடுங்கள். பில்டரே இல்லாமல் வண்டியை ஓட்டவேண்டாம். உள்ளே போகும் மணல் டர்போவின் சிறகுகளைத் தின்றுவிடும்.

இரண்டாவது, டர்போவிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் ஹோஸ்கள். இடையில், சூடான காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர் இருக்கிறது. ஹோஸின் அடிப்பக்கத்தில் வெடிப்பு இருந்தாலும், கிளிப் தளர்ந்திருந்தாலும் காற்று கசியும். பல வண்டிகளில், உள்ளே வரும் காற்றை அளக்கும் கருவி டர்போவுக்கு முன்னால் அமைந்திருக்கிறது. அது அளந்த காற்றுக்கு ஏற்ற டீசல் எஞ்சினுக்குப் போகிறது; காற்றோ வழியில் கசிந்துவிடுகிறது. டீசல் மிஞ்சுவதால் கறும்புகை வருகிறது. மேட்டில் ஏறும்போது 'உஸ்' என்று சத்தம் கேட்டால், அல்லது ஹோஸின் வெளிப்புறம் புதிதாக எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால், அந்த இடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது, டர்போவைக் கட்டுப்படுத்தும் சிறிய வேக்குவம் குழாய்கள். விரல் அளவுகூட இல்லாத ஒரு குழாய் கழன்றாலும் டர்போ முழு வேகத்தில் ஊதாது.

நான்காவது, இ.ஜி.ஆர். வால்வு. புகையில் ஒரு பகுதியைத் திரும்பவும் எஞ்சினுக்குள் விடுவது இதன் வேலை. கரி படிந்து திறந்தபடியே சிக்கிக்கொண்டால், நல்ல காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் இன்ஜெக்டரையும் டர்போவையும் சோதிக்க வேண்டும். இன்ஜெக்டர் ஒழுகினால் புகையோடு எஞ்சினில் தட்டும் ஓசையும் நடுக்கமும் தெரியும். டர்போவைப் பார்க்க, எஞ்சின் ஆறிய பிறகு காற்று நுழையும் ஹோஸைக் கழற்றச் சொல்லுங்கள். சிறகு ஒடிந்திருந்தாலோ, தண்டு முன்னும் பின்னும் ஆடினாலோ, சிறகு கூட்டில் உரசியிருந்தாலோ டர்போ பழுதுதான். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருப்பது இயல்பு.

எஞ்சின் விளக்கு எரிந்தால் பட்டறையில் கருவி வைத்துப் பார்த்து, கோளாறு எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'காற்றழுத்தம் குறைவு' என்று கருவி காட்டினால், அழுத்தம் குறைந்திருக்கிறது என்பதே அதன் பொருள். டர்போ கெட்டுவிட்டது என்பதல்ல. கிழிந்த ஹோஸ் ஒன்றுகூட அதே எண்ணைக் காட்டலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். எஞ்சின் ஓடும்போது டீசல் குழாய்க் கசிவைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. இக்கால எஞ்சின்களில் டீசல் 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது. அது தோலைத் துளைத்துவிடும். அப்படி நேர்ந்தால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்து, மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டுப் புகையைச் சோதிக்காதீர்கள். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ஆம் ஆண்டில் அறிவித்தது. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு உயர்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். கறும்புகையாகப் போவது அந்தப் பணம்தான். எஞ்சின் எண்ணெயைக் காலத்தில் மாற்றுவோம். மேடேறி வந்த வண்டியை உடனே நிறுத்தாமல், ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துவோம். டர்போவை மாற்றச் சொன்னால், "ஹோஸையும் பில்டரையும் பார்த்தீர்களா அண்ணே?" என்று தயங்காமல் கேட்போம். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.