மாதம் ஒன்று ஓடுவதற்குள்

லிந்துலை டவுனில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், நோன்புக்குச் சில நாட்கள் முன்பு அஸர் தொழுகை முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். அவருடைய மகள் ஓர் அரச பரீட்சைக்குப் போயிருக்கிறாள். தலைமறைப்பைக் கழற்றினால்தான் எழுத விடுவோம் என்றார்களாம். காதைக் காட்டுகிறேன் என்று அவள் சொன்னதும் எடுபடவில்லை. அழுதுகொண்டே கழற்றிவிட்டு எழுதியிருக்கிறாள்.

"முறைப்பாடு செய்யல்லையா?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு நானா பொல்லாப்பு? நாளைக்கு ரிசல்ட்ஸ்ல கைய வச்சிட்டா?" என்றார்.

அதற்குள் ஏழு வாரம் கடந்திருந்தது. இதை நான் எழுதுவதற்கு அந்த ஏழு வாரமே காரணம்.

இலங்கை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் முதலிய காரணங்களால் எவருக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. அதை அரச அதிகாரி மீறினால் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். தோட்டத்து மக்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் அதற்குள் கொழும்பில் சட்டத்தரணி பிடிப்பது நடக்கிற காரியமா?

இங்கேதான் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மனித உரிமைகள் ஆணைக்குழு உதவுகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் அங்கே முறைப்பட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்கான மாதக் கணக்கில் சேராது. ஆனால் கடிதம் கொடுத்த துண்டை மட்டும் வைத்திருந்தால் போதாது. விசாரணை நடக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவின் எழுத்து ஆதாரத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். கட்டணமோ சட்டத்தரணியோ தேவையில்லை. பாதிக்கப்பட்டவர் சார்பில் இன்னொருவரும் முறைப்படலாம். ஆகவே பிள்ளை தயங்கினால் பள்ளிவாசல் நிர்வாகம் எழுதலாம். கண்டியில் பிராந்திய அலுவலகம் உண்டு; 1996 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் பேசலாம்.

பிறகு ஆணைக்குழு இரு தரப்பையும் அழைத்துக் கேட்கும், இணக்கப்படுத்தவும் பார்க்கும். மீறல் நடந்ததாகக் கண்டால் பரிந்துரை செய்யும். ஆனால் அது தீர்ப்பு அல்ல. சம்பந்தப்பட்டவர்கள் பரிந்துரையை நிறைவேற்றாவிட்டால் ஜனாதிபதிக்கு அறிக்கை போகும். அவர் அதைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கச் செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

2018இல் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் அபாயா தொடர்பாக எழுந்த பிரச்சினையில் ஆணைக்குழு ஆசிரியைகளுக்குச் சாதகமாகவே பரிந்துரைத்தது. இருந்தும் விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2022 பெப்ரவரியில் அங்கு மீண்டும் சர்ச்சை வெடித்தது. அதற்காகப் பரிந்துரையால் பயனில்லை என்று சொல்லிவிட முடியாது. நீதிமன்றப் படி ஏறும்போது கையில் ஒரு கோவை இருப்பதும் வெறுங்கையோடு நிற்பதும் ஒன்றல்ல.

இன்னொரு வரம்பும் உண்டு. இந்த வழி பெரும்பாலும் அரச தரப்பின் செயல்களுக்கே திறந்திருக்கிறது. தனியார் கம்பனி நடத்தும் தோட்டத்தில் துரை ஒருவர் பாகுபாடு காட்டினால் தொழிற்சங்கத்தையும் தொழில் திணைக்களத்தையுமே முதலில் நாட வேண்டியிருக்கும்.

நண்பரின் மகளிடம் இதையெல்லாம் விளக்கினேன். கேட்டுவிட்டு அவள் சொன்னது ஒன்றுதான்: "அன்னைக்கே யாராச்சும் சொல்லியிருந்தா நானே எழுதியிருப்பேன், மாமா."

நம் ஜும்ஆ அறிவித்தல்களில் இந்த ஒரு மாதக் கணக்கையும் சேர்த்துச் சொன்னால் என்ன?