நுண்ணலைப் போட்டியும் கானாடுகாத்தான் மாடமும்

கானாடுகாத்தான் என்றதும் செட்டிநாட்டரசர் மாளிகையும் அதன் தூண்வரிசையும் நம் கண்முன் நிற்கும். வானொலி ஆர்வலர் ஒருவர் அவ்வூரின் உயர்ந்த மாடங்களைக் காணின், ஆண்டெனா நிறுத்த இவ்வுயரம் போதுமா என்றே கணக்கிடுவார். அக்கணக்கினை ஈண்டுச் சற்று விளக்க முற்படுகின்றோம்.

அரசுத் தேர்வெழுதி உரிமம் பெற்றோர், ஊதியம் கருதாது, தம் சொந்த நிலையங்களிலிருந்து ஒருவரோடொருவர் தொடர்பு கொள்வதே அமெச்சூர் வானொலி. இவர்களை 'ஹாம்' என்றழைப்பர். சிற்றலையில் இவர்கள் கண்டங்கடந்து பேசுவர். அவ்வலைகளை அயனி மண்டலம் மண்ணுக்குத் திருப்பிவிடுகின்றது. 432 மெகாஹெர்ட்ஸ் அலைகளும் அவற்றினும் மிக்க நுண்ணலைகளுமோ அம்மண்டலத்தைத் துளைத்துப் போய்விடும். எனவே தொடுவானமே அவற்றின் எல்லை எனலாம். ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரிற் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆற் பெருக்கினால் அவ்வெல்லை கிலோமீட்டரில் கிடைக்கும். 16 மீட்டர் மாடத்திற்கு ஏறத்தாழ 16 கி.மீ.; தொலைவை இரட்டிப்பாக்க உயரத்தை நான்மடங்காக்க வேண்டும்!

இவ்வருமையே போட்டிக்குச் சுவையூட்டுகின்றது. ஐரோப்பிய ஆர்வலர் ஆண்டுதோறும் அக்டோபர் முதல் வார இறுதியில் 24 மணி நேரம் இப்போட்டியில் ஈடுபடுவர். அழைப்புக்குறி, ஒலித்தர மதிப்பீடு, வரிசையெண், இருப்பிடக் கட்டம் ஆகிய நான்கையும் பிழையின்றிப் பரிமாறிக்கொண்டால், இடைப்பட்ட ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு மதிப்பெண். உலகையே கட்டங்களாகப் பகுத்துள்ள அம்முறையில் கானாடுகாத்தான், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சை ஆகியன 'எம்.கே. 90' என்னும் ஒரே கட்டத்துள் அடங்கும். மதுரை வேறு கட்டம்.

அம்முறையை இங்கே பொருத்திப் பார்ப்போம். காரைக்குடி நண்பருடன் பேசினால் பத்துப் பதினைந்து மதிப்பெண்ணே தேறும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் ஒருவர் நின்றால் 140ஐ எட்டலாம். அவருடைய தொடுவானம் 180 கி.மீ.க்கும் அப்பாற்பட்டது. எனினும் சிறுமலை குறுக்கே நிற்கின்றது. ஆகையால் எம்முனையில் நிற்பது என்பதை வரைபடத்தில் முன்னரே ஆய்ந்துகொள்ளல் வேண்டும். 10 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 செ.மீ. மட்டுமே, 60 செ.மீ. குழிவுத்தட்டு வீசும் கதிரின் அகலம் மூன்றரைப் பாகையளவே. திசை சிறிது பிசகினும் குரல் மறையும். நீண்ட கம்பிவடமும் ஆற்றலை விழுங்கிவிடும். கருவியையே மாடத்திற்கு ஏற்றிவிடுவது நலம். (1890களிலேயே கல்கத்தாவில் மில்லிமீட்டர் அலைகளை ஆக்கிக் காட்டியவர் ஜகதீச சந்திர போஸ் என்பதை நம் மாணவர் மறவாதிருப்பாராக.)

இது வெறும் பொழுதுபோக்கன்றோ எனப் பெரியோர் வினவலாம். ஆளில்லா நிலத்தைப் பிறர் நாடுவது போலவே, ஆளில்லா அலைவரிசையையும் நாடுவர். பன்னாட்டு அட்டவணை 3300 முதல் 3400 மெகாஹெர்ட்ஸ் வரை நம் பகுதி ஆர்வலர்க்கு இரண்டாம் நிலை உரிமையே தந்திருந்தது. 2022இல் நம் நாட்டில் நிகழ்ந்த ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசி ஏலத்தில் 3300இல் தொடங்கும் அலைவரிசையும் இடம்பெற்றது. எஞ்சியவற்றிலேனும் நம்மவர் குரல் கேட்க வேண்டுமென்பது எம் கருத்து.

தொடுவான எல்லையை இயற்கையே தளர்த்துவதும் உண்டு. கடல்மீது வெப்பமும் ஈரமும் அடுக்கடுக்காய்ப் படியுங்கால் அலைகள் அவற்றிடையே சிக்கி நெடுந்தொலைவு தவழும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பம்பாய் ரேடார் ஒன்று ஆயிரம் மைலுக்கப்பாலுள்ள அரேபியக் கரையை இவ்வாறே கண்டது. கானாடுகாத்தானுக்குக் கிழக்கேயும் பாக் நீரிணை உள்ளது. அத்திசையில் ஆண்டெனாவைத் திருப்பிக் காத்திருக்கச் சில இரவுகளும் பொறுமையும் வேண்டும்.