தோலோடு நிற்கும் கதிர்

உத்திரமேரூர்ப் பகுதிச் சிற்றூர்களில் உடலில் வெளிறிய திட்டு ஒன்று தோன்றினால், நம் மக்கள் மருத்துவரை நாடுமுன் அதனை மறைக்கவே முற்படுகின்றனர். தொழுநோய் என்று ஊரார் பேசுவரோ என்னும் அச்சமே காரணம். தொழுநோயும் மருந்தால் குணமாவதே, அதற்கு நாணுவானேன்? நாம் அறிந்த முதியவர் ஒருவர், இடுப்பில் உள்ளங்கையளவு படர்ந்த திட்டினைத் தம் மனைவியிடமும் கூறாது, கடைக் களிம்பையே ஆண்டுக்கணக்கில் தடவி வந்தார். தடவினால் மங்கும், விட்டால் மீண்டும் அரிக்கும். படர்தாமரை என்றே எண்ணியிருந்தார். தோலில் சிறு துண்டெடுத்து இருமுறை சோதித்த பின்னரே, அது தோலில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோய் எனத் தெரிந்தது.

இந்நோயை 1806-ல் விவரித்தவர் பாரிஸ் மருத்துவர் அலிபேர். முற்றிய நிலையில் காளான் போன்ற கட்டிகள் எழுவதால் 'மைக்கோசிஸ் பங்காய்டிஸ்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. உண்மையில் காளானுக்கும் இதற்கும் உறவில்லை. இரத்த வெள்ளணுக்களுள் ஒருவகை தோலில் தங்கிக் கட்டின்றிப் பெருகுவதே இந்நோய். பிறரைத் தொற்றாது. தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குன்றும். இதில் பொதுவாகக் குன்றுவதில்லை.

தொடக்கநிலையில் பலருக்குக் களிம்பும் புற ஊதா ஒளியுமே போதும். திட்டு ஓரிடத்தில் மட்டும் இருப்பின் கதிர்வீச்சு சிறந்த பயன் தரும். சிலருக்கு நோய் மீள்வதேயில்லை. இவ்வணுக்கள் கதிருக்கு எளிதில் மடிபவை. கோபால்ட் கதிர் உடலுள் ஆழமாய்ப் பாயும். லீனியர் ஆக்ஸிலரேட்டர் இயந்திரம் தரும் எலெக்ட்ரான் கற்றையோ தோலையும் அதன் அடுத்த பகுதியையும் கடந்து வெகுதூரம் செல்லாது, உள்ளுறுப்புகள் தப்புகின்றன. ஒற்றைத் திட்டுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 கிரே வரை, சில வாரங்களில் பகுத்தளிப்பர். உடலெங்கும் பரவியிருப்பின், நோயாளியைப் பல நிலைகளில் நிற்கவைத்து முழுத்தோலுக்கும் பாய்ச்சுவதுண்டு. முன்னர் 30 கிரேக்கு மேல் அளித்தனர், இன்று 12 கிரே அளவிலும் அளிக்கின்றனர். தோல் சிவக்கும், உலரும். கதிர்பட்ட இடத்தில் முடி உதிரும்.

தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியது 1954-ல். நம் மாவட்டத்திலேயே காரப்பேட்டையில், 1969-ல் புற்றுநோயால் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரால் அரசு புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. ஆயினும் பேருந்து ஏறத் துணியாதோர் பலர்.

முதியவர் ஒருவாறு துணிந்தார். கதிர் பாயும்போது வலியோ சூடோ தெரியவில்லை என்று வியந்தார். அந்நாட்களில் விடியற்காலைப் பேருந்தில் சோற்றுத் தூக்குடன் அவருக்குத் துணையாய்ச் சென்றவர், எவரிடம் மறைத்தாரோ அந்த மனைவியே.