கழலாத சக்கரம்

நம் விடுதியில் கார் உடையவர் மிகச் சிலர். இரவல் காரில் செல்வோர் பலர். இக்கட்டுரை பெரிதும் பின்னவர்க்கே உரியது.

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு. ஊரில் தந்தைக்கு உடல்நலம் குன்றியதென்று செய்தி வரவே, அறைத்தோழர் சென்னை ரயிலைப் பிடிக்கப் புறப்பட்டார். மும்பை மழையில் டாக்சி கிடைக்கவில்லை. தெரிந்தவர் ஒருவரின் பழைய காரில் அவரை ஏற்றிச் சென்றேன். பாதி வழியில் டயர் பஞ்சர். நட்டுகள் யாவும் கழன்றன, சக்கரமோ அசையவில்லை. இழுத்தோம், உதைத்தோம். உதைத்த வேகத்தில் ஜாக்கி சாய்ந்து கார் இறங்கிவிட்டது. என் கை தப்பியது என் அறிவால் அன்று.

அருகில் பஞ்சர் கடை வைத்திருந்தவர் தாராவியில் வாழும் திருநெல்வேலித் தமிழர். எங்களைப் பார்த்துச் சிரித்தார்: "தம்பி, நட்டைக் கழற்றிட்டீங்க, துருவைக் கழற்றலையே!"

உண்மைதான். சக்கரத்தின் நடுத்துளை, ஹப் என்னும் அச்சுமுனையின் வளையத்தில் நெருக்கமாகப் பொருந்தியிருக்கும். அவ்விடுக்கில் நீர் புகுந்தால் இரும்பு துருவாகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைப்போல் இருமடங்குக்கும் மேலான இடத்தை அடைப்பது; ஆதலின் ஆப்பு வைத்தாற்போல் இறுகிவிடும். கடற்காற்றின் உப்பு இதனை விரைவுபடுத்துகிறது. அலுமினியக் கலவைச் சக்கரமாயின், இருவேறு உலோகங்கள் உப்புநீரில் கூடி ஒரு சிறு மின்கலமே அமைந்து அரிப்பு மிகும். இவற்றையெல்லாம் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவன்தான் நான்!

ஆனால் துரு நொறுங்கும் தன்மையது. அண்ணாச்சி செய்ததும் அதை அறிந்தே. காரை மீண்டும் நன்கு உயர்த்தி, நட்டுகளைப் பூட்டி, ஒவ்வொன்றையும் ஓரிரு சுற்றுத் தளர்த்திவிட்டார். ஜாக்கியை இறக்கி, அருகில் எவரும் நில்லாதபடி செய்து, காரைச் சில அடிகள் மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி, பிரேக்கை அழுத்தச் சொன்னார். 'டப்' என்று ஓர் ஒலி! எங்கள் நான்கு கைகளால் ஆகாததைக் காரின் எடையே செய்துவிட்டது.

அதற்கும் மசியாவிடில், துருவில் ஊடுருவும் எண்ணெயை நடுவளையத்தில் மட்டும் இட்டுச் சிறிது நேரம் பொறுக்கலாம். பிரேக்கில் அது படலாகாது. நெருப்பால் சூடேற்றுவது டயரை வெடிக்கச் செய்யும், கூடவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் கை, கால் நீட்டுவதும் அத்தகையதே.

சக்கரம் கழன்றபின் கம்பி பிரஷால் துருவை நீக்கி, நடுவளையத்தில் மட்டும் மெல்லிதாகக் கிரீஸ் தடவுக. நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, சிறிது தூரம் ஓடியபின் மீண்டும் சரிபார்க்க.

அன்று எங்களுக்கு ரயில் தவறிவிட்டது. தந்தை பின்னர் நலமடைந்தார். எனினும், விடியும்வரை நண்பர் நடைமேடையில் அமர்ந்திருந்த காட்சி என் நெஞ்சை விட்டு அகலவில்லை. மழை தொடங்குமுன் ஒருநாள் சக்கரங்களைக் கழற்றித் துடைத்திருந்தால் அவ்விரவு நேர்ந்திராது. இரவல் காராயினும், அவ்வேலையை உரியவருடன் சேர்ந்து நாமே செய்துவைப்போம், நண்பர்களே!