மூன்று காகிதங்கள் சொல்லும் சரித்திரம்



பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பல புரட்சிகள் எழுந்தன. சிதறிக் கிடந்த இத்தாலி ஒரே நாடானதும் அந்த நூற்றாண்டில்தான். பாடப்புத்தகம் இதை 'மக்கள் எழுச்சி' என்று இரண்டு வரியில் முடித்துவிடும். அக்காலத்திலேயே எழுதப்பட்ட ஆணை, அறிவிப்பு, கணக்கு முதலியவற்றை மூலச் சான்றுகள் என்கிறோம். அவற்றைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தால் என்ன விளங்கும் என்று இன்று பார்ப்போம்.

1860 மே 11-ஆம் நாள், கரிபால்டி ஏறக்குறைய ஆயிரம் தொண்டர்களோடு சிசிலித் தீவில் இறங்கினார். நேப்பிள்ஸ் மன்னரின் ஆட்சியை அகற்றித் தீவை இத்தாலியோடு சேர்ப்பது அவர் நோக்கம். ஜூன் 2-ஆம் நாள் அவர் பிறப்பித்த ஆணையே நமது முதல் காகிதம். நாட்டுக்காகப் போரிடுவோருக்கு ஊர்ப் பொதுநிலத்தில் பங்கு உண்டு என்கிறது அது. நிலமில்லாத உழவருக்கு விடுதலை என்றால் நிலம் என்றே பொருள்பட்டது.

எட்னா எரிமலையின் அடியில் புரோன்டே என்றோர் ஊர். அங்கிருந்த பெரும் நிலத்தை 1799-இல் மன்னர் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனுக்கு வழங்கியிருந்தார். 1860-இலும் அது அவருடைய வாரிசிடமே இருந்தது. எதிர்பார்த்த நிலம் வந்து சேரவில்லை. ஆகஸ்டுத் தொடக்கத்தில் ஊர் கொதித்தெழுந்தது. 16 பேர் கொல்லப்பட்டனர். கரிபால்டியின் தளபதி பிக்சியோ படையோடு வந்து அறிவிப்பு ஒன்றை வெளியிட்டார். அதுவே இரண்டாம் காகிதம். ஊர் முற்றுகையில் உள்ளது, ஆயுதங்களை ஒப்படையுங்கள், மணிக்கணக்கில் போர்வரி கட்டுங்கள் என்றது அது. ஆகஸ்டு 10-இல் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நிலப் பங்கீட்டுக்காகப் பேசிய வழக்கறிஞர் லொம்பார்டோவும் அவர்களில் ஒருவர்.

மூன்றாம் காகிதம், அக்டோபர் 21-இல் நடந்த வாக்கெடுப்பின் கணக்கு. சிசிலியில் இத்தாலியோடு சேரச் சம்மதித்தவர்கள் 432,053 பேர். மறுத்தவர்கள் 667 பேர்.

இந்தக் கணக்கை மட்டும் காட்டினால், தீவு முழுவதும் ஒரே மகிழ்ச்சி என்று பிள்ளை எழுதிவிடும். மூன்றையும் வரிசையாக வைத்தால், "நிலம் கேட்டவர்கள் என்ன ஆனார்கள்?" என்று கேட்கும். அந்தக் கேள்வி பிறந்தால்தான் சரித்திரப் பாடம் தொடங்குகிறது. நாட்டுப்பற்று பொய் என்று இதற்குப் பொருளில்லை. ஒரே கொடியின் கீழ் நின்றவர்கள் வேறு வேறு நம்பிக்கைகளோடு நின்றார்கள் என்பதே பொருள்.

நமக்கு இது புரியாததல்ல. செக்ரோலில் பெயரும் வேலை நாளும் இருக்கும்; மழையில் நனைந்து மரம் வெட்டிய களைப்பு இருக்காது. அந்தப் பதிவு பொய்யல்ல. ஆனால் முழுக் கதையுமல்ல.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை சரித்திரம் படிக்கும்போது அருகில் உட்கார்ந்து நான்கு கேள்விகள் கேளுங்கள். இதை எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? யாருக்காக எழுதினார்? யாருடைய குரல் இதில் இல்லை? இவற்றைக் கேட்க நமக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. பதிலைத் தேடும் பிள்ளை, நாளை தன் முன் நீட்டப்படும் எந்தக் காகிதத்திலும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடும்.