சக்கரத்தில் குடித்தனம் – 14: விலாசம் என்னன்னு போடறதுங்க?

இந்த வாரம் திருப்பூர் நல்லூர் லைன் வீடுகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் போகிறேன். நடுவில் ஒரு கேள்வி குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. பத்திரிகை அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டது, கேள்வி இன்னும் எழுந்து போகவில்லை.

சாப் தம்பதியின் கதை போன வாரத்தோடு முடிந்தது. 1928ஆம் வருடத்து கிரஹாம்-பேஜ் காரில் 2000 ஜனவரியில் பியூனஸ் அயர்ஸிலிருந்து அலாஸ்காவுக்கென்று கிளம்பியவர்கள், 2022இல் நான்கு பிள்ளைகளோடு ஊர் திரும்பினார்கள். மிச்சம் மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும்.

கேள்வி நல்லூரில் ஒரு தம்பதியிடமிருந்து வந்தது. கணவர் பல வருடம் நிட்டிங் மிஷின் ஓட்டியவர். மிஷின்களை விற்றாகிவிட்டது, பிள்ளைகள் வெளியூரில் வேரூன்றிவிட்டார்கள். திருப்பூர் போதும் என்பதில் மட்டும் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே கருத்து. எந்த ஊருக்குப் போவது என்பதில் இல்லை. அதனால் கணவர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்: பழைய ஸ்கூல் வேன் ஒன்றை வாங்கி, சீட்டைக் கழற்றி, கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, கூடலூர், கம்பம், தென்காசி என்று ஒரு சுற்றுச் சுற்றுவது. “எங்க மனசு ஒட்டுதோ அங்கயே நின்னுக்கலாமுங்க.” ஒரு டெலிவரி சலான் பின்பக்கத்தில் வேனின் உள்ளமைப்பை அளவோடு வரைந்துகூட வைத்திருந்தார். தண்ணீர் டேங்க் எங்கே, சிங்க் எங்கே, சாமி படம் எங்கே, எல்லாம் இருந்தது.

அந்தம்மா படத்தைப் பார்க்கவே இல்லை. “வூட்டை வாடகைக்கு வுட்டுப்போட்டு வண்டில சுத்துனா ரேஷன் கார்டு என்னாகுமுங்க? ஓட்டு? யாராச்சு கேட்டா நாங்க எந்த ஊருன்னு சொல்றது? விலாசம் என்னன்னு போடறதுங்க?”

“அதெல்லாம் ஒரு கேள்வியா” என்றார் கணவர். இந்தத் தொடர் முழுக்க வண்டிகளையே எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு, அது ஒன்றுதான் கேள்வி என்று பட்டது.

முதலில் வண்டியின் விலாசம். கேரவன் என்றால் நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ளும் பெரிய வண்டி. (1982இல் என்.டி. ராமாராவ் பழைய செவர்லே வேன் ஒன்றை மாற்றியமைத்து, மகன் ஹரிகிருஷ்ணா ஓட்ட, ஆந்திரம் முழுக்கச் சுற்றி ஆட்சியைப் பிடித்த கதை இருக்கிறது. அதற்குத் தனி வாரம் வேண்டும்.) சட்டத்தில் கேரவனுக்கு ‘கேம்பர் வேன்’ என்று பெயர். 2004 நவம்பரில் மத்திய அரசு எந்த வண்டி போக்குவரத்து வாகனம், எந்த வண்டி அப்படி இல்லை என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் கேம்பர் வேன் இரண்டு பக்கமும் வருகிறது. பொதுவாகப் போக்குவரத்து வாகனம். சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றால் போக்குவரத்தல்லாத வாகனம். இந்த இரண்டாவது பட்டியலில் அதற்கு வாய்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் தெரியுமா? ஃபோர்க் லிஃப்ட், கிரேன், டிராக்டர், அப்புறம் ரிக் பொருத்திய வண்டி. அதாவது ஆழ்துளைக் கிணறு தோண்டும் நம் திருச்செங்கோட்டுப் போர் வண்டி!

இதைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். இந்தப் பக்கத்தில் சக்கரத்தின் மேல் குடித்தனம் நடத்தத் தெரிந்தவர்கள் என்று யாராவது உண்டென்றால் அது போர் வண்டிக்காரர்கள்தான். ரிக் லாரி முன்னால் போகும், ராடும் பைப்பும் ஏற்றிய துணை லாரி பின்னால் வரும். அரிசி மூட்டை, அடுப்பு, பாய், மாற்றுத் துணி எல்லாம் அந்தத் துணை லாரியில். ராஜஸ்தானோ மத்தியப் பிரதேசமோ, எந்த மாநிலத்தில் தண்ணீர் இல்லையோ அங்கே இவர்கள் இருப்பார்கள். மாதக்கணக்கில் வண்டியடியில் தூக்கம், வண்டியோரம் சமையல். வண்டிக்குள் வாழ்வது எப்படி என்று வெள்ளைக்காரர்கள் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். திருச்செங்கோட்டில் அதை யாரும் எழுதவில்லை, ஏனென்றால் அங்கே அது வேலை. ஊர் தேடிப் போன பயணமும் இல்லை. அவர்கள் ஊர் திருச்செங்கோட்டைச் சுற்றியே அசையாமல் இருக்கிறது. மனைவியும் அங்கேயே இருக்கிறார்.

சலான் படத்துக்கு வருகிறேன். வேனை வாங்கி, நேரே பட்டறையில் விட்டு, கட்டில் போட்டுவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு: தயாரித்த கம்பெனி சொன்ன விவரத்துக்கும் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் விவரத்துக்கும் முரண்படும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. கேம்பர் வண்டி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரவிதியே உண்டு. நல்லூர் வழியே போகும் காங்கயம் ரோட்டில் அப்படியே போனால் வெள்ளக்கோவில், அதைத் தாண்டினால் கரூர். கரூரில் கட்டாத பஸ் பாடி இல்லை, எந்தப் படத்தைக் காட்டினாலும் கட்டித் தருவார்கள். ஆனால் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸ், அப்புறம்தான் கரூர். வரிசை மாறினால் வண்டி ரோட்டோரம் நிற்கும், உள்ளே கட்டில் சும்மா கிடக்கும்.

இது வண்டியின் விலாசம். அந்தம்மா கேட்டது ஆளின் விலாசம்.

1950ஆம் வருடத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு தொகுதியில் ஓட்டு வேண்டுமென்றால் அங்கே வழக்கமாகக் குடியிருப்பவராக இருக்க வேண்டும். சரி, வழக்கமாகக் குடியிருப்பது என்றால் என்ன? 20ஆம் பிரிவு முதல் வரியிலேயே ஒரு போடு போடுகிறது: ஒரு ஊரில் உங்களுக்கு வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் நீங்கள் அந்த ஊர்க்காரர் ஆகிவிட மாட்டீர்கள். சொந்த வீடு, பத்திரம், பட்டா, வரி ரசீது, எதுவும் தனியாக நின்று காப்பாற்றாது. அடுத்தாற்போல் ஒரு ஆறுதலும் சொல்கிறது. தற்காலிகமாக வெளியே போனதால் மட்டும் குடியிருப்பு போய்விடாது. போர் வண்டிக்காரருக்கு ஓட்டு இருப்பது இந்த இரண்டாவது வரியால். நல்லூர் தம்பதிக்கு ஆபத்து முதல் வரியில்.

வீடே இல்லாதவருக்கு? இங்கேதான் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். பாலத்தடியில், பஸ் ஸ்டாண்டில் படுப்பவரும் வாக்காளர் பட்டியலில் சேரலாம். முகவரிச் சான்று தேவையில்லை. படிவம் 6இல் தான் படுக்கும் இடத்தைச் சொன்னால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் அங்கே போய், அந்த ஆள் உண்மையாகவே அங்கே தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் அல்ல, ஒன்றுக்கு மேற்பட்ட ராத்திரி. தேர்தல் ஆணையத்தின் அறிவுரையே இதுதான். பத்திரத்தை நம்பாத அரசாங்கம் பாயை நம்புகிறது! எங்கே தலை சாய்க்கிறாயோ அதுதான் உன் ஊர். இத்தனை நியாயமான விதி ஒன்று நம் கையேட்டில் இருப்பது எனக்குத் தெரியாது. ஆனால் இன்று கூடலூர், நாளை குன்னூர் என்று படுக்கும் வண்டிக்காரரைத் தேடி எந்த அலுவலர் டார்ச் அடித்துக்கொண்டு அலைவார்?

அமெரிக்காவில் இதே முடிச்சை வேறு மாதிரி அவிழ்த்திருக்கிறார்கள். தெற்கு டகோட்டா மாநிலத்தில், நிலையான வீடில்லாமல் வண்டியில் திரிபவர் அங்கே ஒரு ராத்திரி தங்கிய ரசீதைக் காட்டினால் போதும், டிரைவிங் லைசென்ஸுக்கு அந்த மாநிலத்துக்காரர் ஆகிவிடலாம். நாம் ஆளைப் போய்ப் பார்க்கிறோம், அவர்கள் ரசீதைப் பார்க்கிறார்கள். இரண்டு இடத்திலும் கணக்கு ராத்திரிக் கணக்குதான்.

டெக்ஸாஸில் லிவிங்ஸ்டன் என்று ஒரு சின்ன ஊர். ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்ற தம்பதி. ஜோ எலெக்ட்ரீஷியன், கே நர்ஸ். எந்த ஊரில் வேலை கிடைத்ததோ அந்த ஊருக்கு வண்டி வீட்டோடு போய்க் குடியிருந்தவர்கள். ஊர் சுற்றிய அனுபவத்தைப் புத்தகமாக எழுதிய கே, 1978இல் கணவரோடு சேர்ந்து தங்களைப் போன்றவர்களுக்கு எஸ்கேப்பீஸ் என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார். அந்தச் சங்கம் செய்த காரியங்களிலேயே பெரியது விலாசம் கொடுத்ததுதான். லிவிங்ஸ்டனில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு எண். பேங்க் கடிதம், வரி நோட்டீஸ், பேரனின் பிறந்தநாள் அட்டை எல்லாம் அங்கே வரும். வண்டி அன்றைக்கு எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அங்கே திருப்பி அனுப்பிவைப்பார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு, வருடம் முழுக்கக் கால் வைக்காத அந்த ஊர்தான் ஊர். ஓட்டும் அங்கேதான். உள்ளூர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? இவர்கள் ஓட்டு செல்லாது என்று வழக்கே போட்டார்கள். வண்டிக்காரர்கள்தான் ஜெயித்தார்கள்.

அதைவிட என்னை உட்காரவைத்தது இன்னொன்று. வயதாகி, கண் மங்கி, இனி வண்டி ஓட்ட முடியாது என்று ஆனவர்களுக்கு அதே லிவிங்ஸ்டனில் ஒரு பராமரிப்பு இடம் வைத்திருக்கிறார்கள். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திக்கொள்ளலாம். தன் வண்டியில் தன் கட்டிலிலேயே படுக்கலாம். சாப்பாடும் கவனிப்பும் அங்கேயே கிடைக்கும். ஊர் தேடி நாடு முழுக்கச் சுற்றிய எத்தனையோ தம்பதிகளின் தேடல் அந்த நிறுத்துமிடத்தில் முடிந்திருக்கிறது. சலான் படத்தில் அந்தக் கடைசி நிறுத்தம் வரையப்படவில்லை. வயதைப் பார்த்தால் முதலில் வரைய வேண்டியது அதுதான்.

நம் நாட்டு உதாரணம் இல்லையா என்று கேட்பவர்களுக்கு, வண்டி இல்லாத ஒரு தம்பதியைச் சொல்கிறேன். பர்மிங்காமில் பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், கேரளத்து டாக்டர் எலிசபெத் ஜேக்கப். இரண்டு குடும்பத்துக்கும் சம்மதமில்லாமல் 1948இல் கல்யாணம். தேனிலவுக்கு இமயமலைப் பக்கம் பிதோராகட் போனார்கள். வந்திருக்கும் பெண் டாக்டர் என்று மலையூரில் தெரிந்ததுதான் தாமதம், நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். தேனிலவுக்குப் போனவர்கள் பதினைந்து வருடம் போல அங்கேயே வீடும் ஆஸ்பத்திரியும் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார்கள். 1963இல் கேரளத்தில் வாகமண். பிறகு திருவனந்தபுரம், நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் தாமே கட்டிய வீடு. அதுவே கடைசி வரை. மனசு ஒட்டியதா என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. வாசலில் ஆள் வந்து நின்றதால் அந்த வாசல் விலாசமானது. பேக்கர் தம்பதி தங்கிய அதே வாகமணில்தான், 2021இல் அறிவித்த கேரவன் சுற்றுலாத் திட்டத்தின்கீழ் கேரளத்தின் முதல் கேரவன் பார்க் 2022இல் திறந்தது. காசு கொடுத்து ஒரு ராத்திரி வண்டியை நிறுத்தும் இடம். நல்லூர்க்காரர் தன் பட்டியலில் வாகமணையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

வீட்டைவிட்டு அசையாமலே விலாசம் மாறும் என்பதற்கு நல்லூரே சாட்சி. 2009 பிப்ரவரியில் திருப்பூர் மாவட்டம் பிறந்தபோது, கோவை மாவட்டம் என்று எழுதிக்கொண்டிருந்த வீடுகள் எல்லாம் ஒரே நாளில் வேறு மாவட்டம் ஆயின. 2011இல் நல்லூர் நகராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தது. இன்று அது ஒரு மண்டலம். இதை அந்தம்மாவிடம் சொன்னேன். “அது கவர்மெண்டு மாத்துனதுங்க. நாங்களா மாத்துனா யாரு ஒத்துக்குவாங்க?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

என் தீர்ப்பு இதுதான். வீடு முழுவதையும் வாடகைக்கு விடாதீர்கள். மாடியில் ஒரு ரூமையாவது உங்கள் பூட்டில் வைத்திருங்கள். கட்டிலும் பாத்திரமும் உள்ளே இருக்கட்டும், நடுநடுவே வந்து படுத்துவிட்டுப் போங்கள். அப்போதுதான் உங்கள் பயணம் சட்டத்தின் கண்ணில் தற்காலிகம். கணவர் சலானைத் திருப்பி அந்த ரூமையும் வரைந்துகொண்டார். அந்தம்மாவுக்கு முதல் தடவையாகத் திட்டத்தில் ஒரு பிடிப்பு வந்தது போலிருந்தது. ஆனால் அவர் கேட்டது மாடி ரூம் வாடகை எவ்வளவு நஷ்டம் என்று.

வாடகை என்றதும் லைன் வீடு ஞாபகம் வருகிறது. தேனி, தஞ்சாவூர், ஒடிசா, பிகார் என்று எங்கிருந்தெல்லாமோ கணவன் மனைவியாக வந்து, ஆளுக்கொரு பனியன் கம்பெனியில் ஒருவர் ஓவர்லாக்கிலும் ஒருவர் செக்கிங்கிலும் நின்றுகொண்டு, அட்வான்ஸ் கட்டுப்படியாகும் வீடு தேடி ஒரு குட்டி ஆனையில் பீரோவையும் கேஸ் சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாக மாறுகிறவர்களுக்கு நல்லூரில் விலாசம் எப்படிக் கிடைக்கிறது, பல பேருக்கு ஏன் கிடைப்பதில்லை என்பதுதான் இந்த வாரத்துக்கென்று வைத்திருந்த விஷயம். இடமில்லை. அடுத்த வாரம் வேறெதுவும் குறுக்கே வராது.

அதற்குள் ஒரு வேண்டுகோள். லைன் வீட்டில் வாடகை ஒப்பந்தம் இல்லாமல் அட்வான்ஸ் மட்டும் கொடுத்த அனுபவம் உள்ளவர்கள், உங்கள் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் போடாமல், எவ்வளவு கொடுத்தீர்கள், காலி பண்ணும்போது எவ்வளவு திரும்பி வந்தது என்று மட்டும் புதன்கிழமைக்குள் எழுதுங்கள்.