ஆனைமுடி

தென்னாட்டு மலைகளுள் மிக உயர்ந்தது எது என்று வினவினால், தொட்டபெட்டா என்று விடை கூறுவோர் பலர். நீலகிரியிலுள்ள அச்சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர். அதனினும் 58 மீட்டர் மிகுந்து, 2,695 மீட்டர் உயரத்தில் நிற்பது ஆனைமுடி. அடிக்கணக்கில் இது 8,842 ஆகும். தென்னிந்தியாவில் இதனை விஞ்சும் சிகரம் வேறில்லை. கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கு வடக்கே, இரவிகுளம் தேசியப் பூங்காவின் தென்பகுதியில் இது அமைந்துள்ளது. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு யானையின் மத்தகம் போலத் தோன்றுவதால் இப்பெயர் பெற்றது.

உயரம் ஒன்றே இம்மலையின் சிறப்பன்று. மூன்று மலைத்தொடர்கள் இங்கே வந்து கூடுகின்றன. வடக்கே ஆனைமலையும், வடகிழக்கே பழனி மலையும், தெற்கே ஏலமலையும் இதனை நடுவாகக் கொண்டு பிரிந்து செல்கின்றன. பாறைகளோ பெரும்பாலும் கருங்கல்லும் அதனை ஒத்த பட்டைப் பாறையும் ஆகும். உலகில் விலங்கினங்கள் பல்கிப் பெருகுவதற்கு முன்னரே, ஐம்பது கோடி ஆண்டுகட்கும் அப்பால் உருவான பாறைகள் இவை. காற்றும் மழையும் அவற்றைத் தேய்த்துத் தேய்த்து, மேலே அலையலையான மேட்டு நிலமாகவும், ஓரங்களில் செங்குத்தான பாறைச் சுவர்களாகவும் ஆக்கியிருக்கின்றன.

மேட்டு நிலத்தை முதன்முறை காண்பார்க்கு வியப்பளிப்பது ஒன்றுண்டு. மழை மிகுந்த மலையுச்சி முழுவதும் அடர்ந்த காடாக இருக்கும் என்றே நாம் எதிர்பார்ப்போம். இங்கோ குன்றுகளின் முதுகெல்லாம் புல். இரு குன்றுகள் கூடும் மடிப்புகளில் மட்டும், கோடு கிழித்தாற்போலத் தொடங்கி முடியும் சிறுசிறு காடுகள். இவற்றையே சோலை என்கிறோம். சோலை மரங்கள் நெடிதுயர்வதில்லை. தடித்த இலைகளும் முறுக்கிய கிளைகளும் உடையவை. அவற்றின் அடிமரமெங்கும் பாசியும் சீதாளிச் செடிகளும் படர்ந்திருக்கும். சோலைக்கு வெளியே, புல்வெளியில் தனித்து நின்று செந்நிறப் பூங்கொத்துக்களைத் தாங்கும் மரம் ஒன்றுண்டு, அது ரோடோடெண்ட்ரான். இமயமலையில் வளரும் இனத்திற்கு இது நெருங்கிய உறவு.

மரம் வளரத் தக்க மழை இருந்தும் குன்றின்மேல் மரம் வளராதது ஏன்? முற்காலத்து மக்கள் காட்டை எரித்ததனால் வந்த புல்வெளி இது என்று அறிஞர் சிலர் கருதினர். அவ்வாறாயின், இது சிதைந்த காடு. மரம் நட்டுச் செப்பனிட வேண்டிய வெற்றுநிலம் என்றாகும். ஆனால், நீலகிரியில் இதே வகையான நிலத்திலுள்ள சதுப்புக் கரிமண்ணை ஆராய்ந்து 1993-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற முடிவு வேறு கதை கூறிற்று. இருபதாயிரம் ஆண்டுகட்கு முன்னரே அங்குப் புல் தழைத்திருந்தது. தட்பவெப்பம் மாறுந்தோறும் புல்லும் காடும் மாறிமாறிப் பெருகியும் சுருங்கியும் வந்துள்ளன. எனவே இப்புல்வெளி மனிதன் ஆக்கியது என்பதற்கு இடமில்லை.

இவ்வமைப்பிற்கு உறைபனியும் ஒரு காரணம். மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் வெப்பம் நீர் உறையும் நிலைக்கும் கீழே இறங்குகிறது. திறந்த புல்வெளியில் வெப்பம் தடையின்றி வானிற்கு எழுந்து போய்விட, விடியலில் புல்நுனியெல்லாம் வெண்பனி பூக்கும். சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழுந்து முளைத்தாலும், அவ்விளங்கன்று அப்பனியில் கருகிப்போகும். சோலையின் உள்ளேயோ இலைக்கூரை வெப்பத்தைக் காத்து நிற்பதால் கன்றுகள் பிழைக்கின்றன. மடிப்புகளில் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருப்பது மற்றொரு காரணம். காற்றும், அவ்வப்போது எழும் தீயும் அந்த எல்லையை மேலும் உறுதிப்படுத்துகின்றன.

இப்புல்வெளிக்கும் பாறைச் சுவருக்கும் உரிய விலங்கு வரையாடு. விந்தியத்திற்குத் தெற்கே வாழும் மலையாட்டினம் இது ஒன்றே. சங்க நூல்களில் வரும் வருடை என்பது இதுவே எனக் கருதுவர். 1838-ஆம் ஆண்டில் மேனாட்டு விலங்கியலார் இதற்கு அறிவியற் பெயரிட்டனர். இமயமலைத் தார் ஆட்டிற்கு உறவாக நெடுங்காலம் எண்ணப்பெற்ற இவ்விலங்கு, அதனினும் செம்மறியாட்டு இனத்திற்கே நெருங்கியது என்று மரபணு ஆராய்ச்சி காட்டியதன்மேல், 2005-ஆம் ஆண்டில் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது. முதிர்ந்த கடா நூறு கிலோகிராம் எடை வரை வளரும். அதன் மேனி கருமை தோய்ந்து, முதுகில் சேணம் இட்டாற்போல வெள்ளிநிறம் படரும். பெண்ணாடு உருவில் மிகச் சிறியது; நிறமும் மங்கலானது.

வரையாடு மேய்வது புல்வெளியில். அஞ்சி ஒதுங்குவது பாறையில். புலி, சிறுத்தை, செந்நாய் ஆகியவை நெருங்கினால், மந்தை ஒரே ஓட்டமாகச் சென்று செங்குத்துப் பாறையில் ஏறிக்கொள்ளும். பாறையும் புல்லும் அருகருகே இல்லாத இடத்தில் இவ்விலங்கு தழைப்பதில்லை. மழைக்காலத்தில் இணைசேர்ந்து, ஆறு திங்கள் கழித்து, தை, மாசியை ஒட்டிக் குட்டி ஈனுகிறது. அக்காலத்தில் பார்வையாளர் செல்லும் இராஜமலைப் பகுதியை ஆண்டுதோறும் மூடிவிடுவது வழக்கம். 2025-ஆம் ஆண்டில் கேரளமும் தமிழ்நாடும் ஒரே காலத்தில் நடத்திய கணக்கெடுப்பில் இரு மாநிலங்களிலும் 2,600-க்கு மேற்பட்ட வரையாடுகள் இருப்பதாகத் தெரியவந்தது. அவற்றுள் இரவிகுளத்தில் மட்டும் 800-க்கு மேல். உலகில் வேறெங்கும் இத்தனை வரையாடுகளை ஒருசேரக் காண இயலாது.

ஏனைய உயிர்களையும் ஒரு சொல்லால் சுட்டுவோம். சோலைகளில் கருமந்தியும், மார்பில் மஞ்சள் படர்ந்த நீலகிரி மரநாயும் வாழ்கின்றன. கடமானும் காட்டெருதும் மேய்கின்றன. யானைகள் பள்ளத்தாக்குகளின் வழியே கடந்து செல்கின்றன. இவை எல்லாம் பெரியன. மிகச் சிறியதொன்று, ஆனைமுடிக்கே உரியதாய், அண்மையில் அறியப்பட்டது. செம்மஞ்சள் நிறமுடைய ஒரு தவளை அது. 2010-ஆம் ஆண்டில் அறிவியலார் அதனை விவரித்துப் பெயரிட்டனர். சிகரத்தைச் சூழ்ந்து மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த இடத்திலேயே அது காணப்படுகிறது. தவளைக்கு நீர்நிலை வேண்டும் என்று நாம் அறிவோம். இத்தவளையோ நீரில் முட்டையிடுவதில்லை; தலைப்பிரட்டைப் பருவமும் இதற்கில்லை. முட்டையிலிருந்து குட்டித் தவளையாகவே வெளிவருகிறது. மேகம் தரும் ஈரமே அதற்குப் போதும்.

குறிஞ்சியைப் பேசாமல் இம்மலையைப் பேசுதல் முறையாகாது. பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை செடிகள் அனைத்தும் ஒருங்கே பூத்து, விதை உதிர்த்து, மடிந்துபோகும் இயல்புடையது நீலக்குறிஞ்சி. 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் இங்கே பூத்தது. அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். எல்லாச் செடியும் ஒரே காலத்தில் அளவிறந்த விதைகளைச் சொரிந்தால், விதை தின்னும் உயிர்கள் எவ்வளவு தின்றாலும் எஞ்சியவை முளைக்கும். அதற்காகவே இவ்வொழுங்கு ஏற்பட்டது என்பது ஒரு விளக்கம். குறிஞ்சி பூத்த முறைகளை எண்ணித் தம் அகவையைக் கணக்கிடும் வழக்கம் மலைவாழ் மக்களிடையே இருந்தது என்பர்.

அம்மக்களின் வரலாற்றிற்கு வருவோம். மலையின் கிழக்கே, மறையூரைச் சூழ்ந்த அஞ்சுநாட்டில் கற்பலகைகளை நிறுத்தி மூடிய பழங்கால ஈமக் கல்லறைகள் பல உள்ளன. ஊரார் அவற்றை முனியறை என்பர். ஆகவே இப்பகுதியில் மாந்தர் வாழ்வு மிகத் தொன்மையானது. சிகரத்தைச் சூழ்ந்த காடுகளில் வாழ்வோர் முதுவர். பாண்டியரின் மதுரையிலிருந்து தம் குலதெய்வத்தையும் குழந்தைகளையும் முதுகில் சுமந்து மலையேறியதால் இப்பெயர் வந்தது என்பது அவர்கள் வழிவழியாகக் கூறும் செய்தி. அவர்கள் பேச்சும் தமிழோடு நெருங்கியது. ஆங்கிலேயருள் ஆனைமுடியின் உச்சியை முதலில் அடைந்தவர் டக்ளஸ் ஹாமில்டன் எனக் குறிப்பர், ஆண்டு 1862. வழியறிந்த மலைமக்கள் அதற்கு முன்னரே ஏறியிருத்தல் கூடும்.

1877-ஆம் ஆண்டில் ஜே. டி. மன்றோ என்பார் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையை உரிமையாகப் பெற்றார். அஞ்சுநாட்டுத் தலைவராயிருந்த கண்ணன் தேவன் என்பவரின் பெயரே மலைக்கு வழங்கிற்று என்பர். 1879-இல் தோட்ட முதலாளிகளின் சங்கம் ஒன்று தோன்றியது. 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருட் கம்பெனி நிறுவப்பெற்றது. பள்ளத்தாக்குகளின் காடுகள் அழிந்து தேயிலையாயின. அத்தோட்டங்களில் உழைத்தோர் பெரும்பாலும் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து சென்ற தமிழ் மக்கள். தேயிலையைக் கீழிறக்கக் குண்டளைப் பள்ளத்தாக்கில் அமைந்த சிறு இருப்புப்பாதை 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. மீண்டும் அது அமைக்கப்படவேயில்லை.

ஆனால் உயரத்திலிருந்த புல்வெளி தேயிலையாகவில்லை. பனியும் காற்றும் மிகுந்த அந்நிலத்தைத் தோட்டத்தார் தம் வேட்டைக்கென ஒதுக்கி வைத்தனர். வேட்டைக்கு விலங்கு வேண்டுமாதலின், அதற்கு வரம்பும் விதித்தனர். 1928-இல் இதற்கெனத் தனிச் சங்கம் ஒன்று அமைத்தனர். முதுவரைக் காவலராக அமர்த்தினர். பயிருக்கு உதவாது என்று விடப்பட்டதும், வேட்டை விருப்பத்தால் காக்கப்பட்டதும் இம்மலைக்கு நன்மையாய் முடிந்தன.

1971-ஆம் ஆண்டில் கேரள அரசு கண்ணன் தேவன் மலையின் நிலங்களைச் சட்டத்தின்வழி மீட்டது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் அச்சட்டத்தை ஏற்றது. 1975-இல் இரவிகுளம் விலங்குப் புகலிடமாகவும், 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. அதன் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலை உலகப் பாரம்பரியக் களங்களுள் சேர்க்கப்பட்டபோது, அதன் 39 பகுதிகளுள் ஒன்றாக இரவிகுளமும் இடம்பெற்றது.

வேட்டைக்காரர் காத்த நிலத்தை இன்று நாம் காக்க வேண்டுவது எதன்பொருட்டு? வரையாட்டின்பொருட்டு என்பது ஒரு விடை. நீரின்பொருட்டு என்பது மற்றொன்று. தென்மேற்குப் பருவமழையைப் புல்லின் வேரும் சோலையின் இலைமட்கும் உறிஞ்சி வைத்து, மழை ஓய்ந்த பின்னரும் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகின்றன. மூணாற்றுப் பக்கம் இறங்கும் நீர் முதிரப்புழை வழியாகப் பெரியாற்றை அடைகிறது. கிழக்கே இறங்கும் நீரோ பாம்பாறாகி, தேனாற்றோடு கூடி, அமராவதியாகத் தமிழ்நாட்டில் பாய்ந்து, கரூருக்கு அப்பால் காவிரியில் கலக்கிறது. ஆதலின், உடுமலை, தாராபுரம் வட்டாரங்களின் நெல்லுக்கும் கரும்புக்கும் இம்மலைப் புல்லோடு தொடர்புண்டு.

இனி இம்மலைக்கு வந்துள்ள இடர்களைக் காண்போம். தோல் பதனிடும் பட்டைக்கும் விறகுக்குமென ஆஸ்திரேலியாவிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கொணரப்பட்ட சீகை மரமும், தேயிலை உலர்த்தும் அடுப்புகளுக்கென நடப்பெற்ற தைலமரமும் உயர்நிலப் புல்வெளிகள் பலவற்றை மூடிவிட்டன. சீகையின் விதை மண்ணில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, தீப்பட்டால் விரைந்து முளைக்கும் இயல்புடையது. வெட்டினாலும் அது எளிதில் ஒழிவதில்லை. புல்வெளியை வெற்றுநிலம் என்று எண்ணி மரம் நட்ட காலத்தின் விளைவு இது. பசுமை என்றால் மரமே என்னும் எண்ணம் நன்னோக்குடையதுதான்; ஆயினும், இயல்பாகவே புல்லுக்கு உரிய இடத்தில் அது கேடாய் முடிகிறது.

இரண்டாவது இடர் உலகம் வெப்பமடைதல். உறைபனி குறையுமாயின், புல்லைக் காத்துநின்ற வேலி தளரும். வெப்பம் மிகமிக, குளிர்ச்சியை நாடும் உயிர்கள் மேலே மேலே செல்லும். பள்ளத்தில் வாழும் பறவை குன்றிற்கு ஏறலாம். குன்றில் வாழ்வது சிகரத்திற்கு ஏறலாம். ஆனைமுடியின் உச்சியைச் சூழ்ந்து வாழும் அச்செம்மஞ்சள் தவளைக்கு ஏறுவதற்கு இடமில்லை. தென்னாட்டில் அதனினும் உயர்ந்த நிலம் கிடையாது.

சீகையை அகற்றிப் புல்லை மீண்டும் தழைக்கச் செய்யும் முயற்சிகள் இம்மலைகளில் நடைபெற்று வருகின்றன. முதுவரின் பட்டறிவும் வனத்துறையின் உழைப்பும் ஆராய்ச்சியாளரின் அளவீடும் அதற்கு ஒருங்கே வேண்டும். இராஜமலைக்குச் செல்லும் நாமும், பாதையை விட்டு விலகாமலும், வரையாட்டிற்குத் தின்பண்டம் கொடாமலும், குறிஞ்சியைப் பறியாமலும் திரும்பினால், அதுவே நம்மால் இயன்ற உதவியாகும். 2030-இல் குறிஞ்சி பூக்கும்போது மலைக்குப் பெருங்கூட்டம் வரும் என்பது உறுதி. அதற்குள் இப்புல்லின் அருமையை நம் பிள்ளைகளுக்குக் கூறிவைப்பது நலம்.